வருகைக் கணக்கு நம் கைக்கு வரட்டும்

சித்திரபுரம், பள்ளிவாசல், இரண்டாம் மைல், போதமேடு, ஆனச்சால் பகுதிகளில் அயல்கூட்டங்களின் மினிட்ஸ் புத்தகத்தைச் சுமக்கும் அக்காமாருக்கும் சேச்சிமாருக்கும், பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும், உங்கள் வீடுகளில் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கும்:

போன மழைக்காலத்தில் கைப்பேசி வழியாக நடத்திய கூட்டங்களில் யார் யார் இருந்தார்கள் என்று இன்று யாராவது கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? பெரும்பாலான குழுக்களில் அந்தப் பதிவு யாரோ ஒருவருடைய போனில் ஸ்கிரீன்ஷாட்டாகக் கிடக்கிறது. போன் தண்ணீரில் விழுந்தாலோ, இடம் போதவில்லை என்று படங்களை அழித்தாலோ, கூட்டம் நடந்ததற்கே சாட்சி இல்லாமல் போகும். வார்டு அளவில் அயல்கூட்டங்களை இணைக்கும் ஏ.டி.எஸ்.ஸிலிருந்து கேட்டு வரும்போது நினைவிலிருந்து பெயர்களை எழுதி நிரப்ப வேண்டியிருக்கிறது. இந்த நிலையை மாற்றலாம். காசு செலவில்லை. வேலையைச் செய்யத் தெரிந்த பிள்ளை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கொரோனா ஓய்ந்ததும் இணையக் கூட்டமும் ஓய்ந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். மலையில் அது தங்கிவிட்டது. ஜூனில் பிடிக்கும் மழை ஆகஸ்ட் வரை விடுவதில்லை. மண் சரிந்தால் பாதை அடைபடும். யானை இறங்கும் வழியில் இருட்டிய பிறகு தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து ஒரு பெண் தனியாக நடந்து வர முடியாது. கொழுந்தெடுத்து வந்து, குளித்து, உலை வைத்து, சற்று உட்காரும் நேரமும் அந்த இருட்டு நேரம்தான். 2020 ஊரடங்கில் குடும்பஸ்ரீ தன் அயல்கூட்டப் பெண்களை வாட்ஸ்அப் குழுக்களில் சேர்த்தது. அதே ஆண்டு ஜூன் 1-ல் கைட் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் பாடங்கள் தயாரித்துக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு பள்ளிகளுக்கு ஜி-சூட் வந்தது. வகுப்போடு பெற்றோர் கூட்டமும் திரைக்கு வந்தது. நேரில் கூடுவதற்கு ஈடு எதுவும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நேரில் வர முடியாத பெண்ணின் குரல் கூட்டத்தில் கேட்க வேண்டுமென்றால் இந்த வழி இருந்தாக வேண்டும். இருக்கப்போகிறது என்றால் அதன் பதிவும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

கூட்டப் பதிவை ஒரு சடங்கு என்று தள்ளிவிடாதீர்கள். அதில் பணம் இருக்கிறது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் சுயஉதவிக் குழுக்களுக்குப் ‘பஞ்ச சூத்திரம்’ என்று ஐந்தைச் சொல்கிறது: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, தவறாத உள்கடன், தவணை தவறாமல் திருப்பிச் செலுத்துதல், அன்றன்று எழுதிய கணக்குப் புத்தகம். கேரளத்தில் அந்த இயக்கத்தை நடத்துவது குடும்பஸ்ரீ. லிங்கேஜ் கடன் கேட்டு வங்கிக்குப் போகிற குழுவை இந்த ஐந்தை வைத்துத்தான் தரம் பார்க்கிறார்கள். முதல் சூத்திரத்துக்கும் கடைசிச் சூத்திரத்துக்கும் ஆதாரம் உங்கள் வருகைப் பதிவு. மழை மாதங்களில் அது வெற்றிடமாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் கடன் மனு பலவீனப்படும். மூன்று மாதம் திரையில் கூடிப் பேசி, சேமிப்பும் கட்டிய பெண்கள் காகிதத்தில் கூடாதவர்களாகிவிடுவார்கள்.

இதில் எனக்கு இன்னொரு மன வருத்தமும் உண்டு. இந்த மலையில் நாம் வேலைக்கு வந்ததையும் வராததையும் நம் பாட்டிமார் காலத்திலிருந்து எழுதியவர்கள் நாம் இல்லை. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற பிறகு எழுந்த தோட்டங்களில் ஆள்வரவு எழுதும் செக்ரோல் எப்போதும் ஆபீஸில் இருந்தது. காலையில் மஸ்டரில் பேர் கொடுப்பது நாம். எடை போட்ட கொழுந்து நம்முடையது. எழுதும் கை மட்டும் வேறு. அரைப் பேர் என்று விழுந்தால் அரைக் கூலி. கேட்பதற்கு நம் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. 2015 செப்டம்பரில் போனஸ் 10 சதவீதம் என்று அறிவித்தபோது மூணாறு சாலையில் உட்கார்ந்த பெண்கள், தங்களுக்காகப் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி வைத்துவிட்டுத் தாங்களே பேசினார்கள். பெம்பிளை ஒருமை என்ற பெயர் அப்போதுதான் நாடெங்கும் தெரிந்தது. 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் 232 ரூபாய் தினக்கூலி 301 ஆனது. கணக்கை அடுத்தவரிடம் விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்படியிருக்க, நாமே கூட்டி நாமே பேசிய கூட்டத்தின் செக்ரோலை மட்டும் எங்கோ ஒரு கம்பெனியின் சர்வரில் விட்டுவைத்திருக்கிறோம்.

அங்கே அது எவ்வளவு நாள் இருக்கும் என்று பாருங்கள். கூகுள் மீட்டில் யார் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார் என்ற பதிவைப் புரோகிராம் வழியாகக் கேட்டு வாங்கலாம். கூட்டம் முடிந்து 30 நாள் ஆனால் அது அழிந்துவிடும். அமைப்பாளரின் மின்னஞ்சலுக்கே வருகைப் பட்டியலை அனுப்பிவைக்கும் வசதி கட்டணத் திட்டங்கள் சிலவற்றில்தான் உண்டு. ஜூமிலும் வருகை அறிக்கை காசு கட்டும் கணக்குக்குத்தான். இலவசக் கணக்கில் ஜூம் 40 நிமிடத்திலும், மூன்று பேருக்கு மேற்பட்ட மீட் ஒரு மணி நேரத்திலும் அறுந்துவிடும். மறுபடி இணைந்தால் ஒரே கூட்டம் இரண்டு கூட்டமாகப் பதிவாகும். வாட்ஸ்அப்பில் ‘மறையும் செய்திகள்’ வசதியைப் போட்டிருந்தால் 24 மணி நேரத்திலோ, 7 நாளிலோ, 90 நாளிலோ செய்திகள் போய்விடும். கம்பெனியே கடையை மூடுவதும் உண்டு. வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேச ஒரு காலத்தில் எல்லாரும் நம்பியிருந்த ஸ்கைப், 2025 மே 5-ல் நிறுத்தப்பட்டது.

ஆகவே கூட்டம் முடிந்ததும் பதிவைக் கீழே இறக்கி, எக்ஸெல்லிலோ லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ திறக்கும் ஒரு தாளாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கையால் பார்த்து எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். ஒரு கூட்டத்துக்குப் போதும். வாரா வாரம் என்றால் மூன்றாம் வாரமே சலித்துவிடும். ஒரு வாரம் ஒரு முறையும் மறுவாரம் இன்னொரு முறையுமாக எழுதுவோம். யாரை எந்த அடிப்படையில் வந்தவர் என்று எழுதினோம் என்பது எழுதியவருக்கே நினைவிருக்காது. ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது கணினி நிரல், இந்த வேலையை ஒவ்வொரு வாரமும் ஒரே விதியின்படி செய்யும். அந்த விதி எழுத்தில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்த்து, இது சரியில்லை என்று சொல்லலாம். இந்தக் கடைசிக் காரணம்தான் எனக்கு முக்கியம்.

இதற்கு வேண்டிய அறிவு ஏற்கெனவே நம் ஊருக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கேரளம் 2001-ல் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கியது. அது பின்னர் கைட் நிறுவனமாகியது. பள்ளிக் கணினிகளில் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் ஓடுகின்றன; உயர்நிலை வகுப்புகளின் ஐ.சி.டி. பாடத்தில் பைதான் நிரல்மொழி இருக்கிறது. 2018-லிருந்து ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் மன்றங்கள் இருக்கின்றன. உரிமக் கட்டணம் கட்டாமல் நகலெடுத்து, திருத்தி, அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடிய மென்பொருளில் படித்து வளர்ந்த பிள்ளைகள் இந்தியாவில் எல்லா ஊரிலும் கிடையாது. மாநிலத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940-ல் நம் பள்ளிவாசலில்தான் ஓடத் தொடங்கியது. பெரிய இயந்திரங்களைப் பார்த்துப் பழகிய ஊர் இது. எண்பது வரி ஸ்கிரிப்டைப் பார்த்துத் தயங்க வேண்டாம்.

தம்பிகளே, தங்கைகளே, இனி உங்களோடு கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன்.

ஒரு ஃபோல்டர் போடுங்கள். கூட்டத் தளத்திலிருந்து இறக்கிய மூலக் கோப்புகளை அதில் ‘மூலம்’ என்று ஒரு உள் ஃபோல்டரில் வையுங்கள். அவற்றில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். பின்னால் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க அது வேண்டும். பக்கத்தில் உறுப்பினர் பட்டியல் ஒரு சிஎஸ்வி கோப்பாக இருக்கட்டும். மூன்றாவதாக உங்கள் ஸ்கிரிப்ட். டெர்மினலைத் திறந்து, பைதான் என்று அடித்து, ஸ்கிரிப்டின் பெயரையும் அந்த வாரக் கோப்பின் பெயரையும் கொடுத்து என்டர் தட்டினால் அன்றைய வருகைத் தாள் வெளியே வர வேண்டும். சிஎஸ்வியைப் படிக்கும் நிரல்தொகுப்பு பைதானோடு சேர்ந்தே வருகிறது. எக்ஸெல் வடிவில் எழுத ஓப்பன்பைஎக்ஸ்எல் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. வேறொன்றும் வேண்டாம்.

மூலக் கோப்பைத் திறந்தால் பெயர், சேர்ந்த நேரம், விலகிய நேரம், நிமிடம் என்று சில பத்திகள் இருக்கும். பார்க்க எளிதாகத் தெரியும். மலையில் அதை அப்படியே நம்ப முடியாது. சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் ஒரே ஆள் நான்கு வரியாக வருவார். ஒரு கணக்கைப் பாருங்கள். கூட்டம் 7 மணிக்குத் தொடங்கி 8:05-க்கு முடிந்தது. ஒரு அக்கா 7:02-க்குச் சேர்ந்து 7:15-க்கு அறுந்துபோனார். 7:18-க்கு மறுபடி வந்து 7:40 வரை இருந்தார். அந்த போனில் சார்ஜ் இறங்குவதைப் பார்த்து 7:30-க்கே மகளின் போனிலும் சேர்ந்து 8:05 வரை இருந்தார். மூன்று வரிகளின் நிமிடங்களைக் கூட்டினால் 70 வரும். கூட்டமே 65 நிமிடம்தான். நேரத் துண்டுகளை வரிசைப்படுத்தி, ஒன்றின் மேல் ஒன்று விழும் பகுதிகளை ஒன்றாக்கிய பிறகு கூட்ட வேண்டும். அப்போது 7:02-லிருந்து 7:15 வரை 13, 7:18-லிருந்து 8:05 வரை 47, மொத்தம் 60 நிமிடம் என்ற உண்மையான கணக்கு வரும். இணையத்தில் கிடைக்கும் பல ஸ்கிரிப்டுகள் வெறுமனே கூட்டிவிடுகின்றன. அப்படியே எடுத்துப் போடாமல் இந்த இடத்தைச் சோதித்துப் பாருங்கள்.

நேரத்திலேயே இன்னொரு சிக்கல் உண்டு. புரோகிராம் வழியாக வாங்கும் பதிவுகளில் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். 5 மணி 30 நிமிடம் கூட்டினால்தான் நம் நேரம். கூட்டாமல் விட்டால் இரவு 7:02-க்கு வந்தவர் மதியம் 1:32-க்கு வந்ததாகத் தாளில் நிற்பார்; வங்கி அதிகாரி அதைப் பார்த்தால் பதிவு முழுவதையும் சந்தேகப்படுவார்.

பெயர்கள்தான் பெரிய வேலை. நம் அக்காமாரில் பாதிப் பேர் கூட்டத்தில் தங்கள் பெயரில் தெரிவதில்லை. மகன் பெயரில் வருவார்கள், போன் மாடலின் பெயரில் வருவார்கள், ‘அம்மா ஜியோ’ என்று வருவார்கள். ஒரே பெயர் ஒரு வாரம் தமிழிலும் மறுவாரம் மலையாளத்திலும் அடுத்த வாரம் ஆங்கிலத்திலும் இருக்கும். இதற்கு இரண்டு பத்தி கொண்ட ஒரு இணைப்புக் கோப்பு வையுங்கள்: திரையில் வந்த பெயர் இடப்பக்கம், உறுப்பினர் எண் வலப்பக்கம். ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து ஆளை அடையாளம் காணட்டும். அடையாளம் தெரியாத பெயரை ஒருபோதும் விட்டுவிடச் செய்யாதீர்கள். ‘சரிபார்க்க வேண்டியவை’ என்று தனித் தாளில் எழுதிக் காட்டட்டும். செயலாளர் அக்கா பார்த்து, இது இன்னார் என்று சொன்னதும் இணைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் அடுத்த வாரம் அந்தச் சிக்கல் இராது. ஸ்கிரிப்டுக்குத் தெரியவில்லை என்பதற்காக ஒரு பெண் வராதவள் ஆகிவிடக் கூடாது.

தமிழ் எழுத்து உடையும் பிரச்சினையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சிஎஸ்வி கோப்பை எக்ஸெல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் பெயர்கள் புரியாத குறிகளாக நிற்கும். கோப்பில் தவறில்லை. இது யூனிகோடு கோப்பு என்று எக்ஸெல்லுக்குச் சொல்லும் தலைப்புக் குறி இல்லாததுதான் காரணம். பைதானில் எழுதும்போது குறியாக்கத்தை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் அந்தக் குறி சேர்ந்துவிடும். லிப்ரே ஆபீஸ் திறக்கும்போதே எந்தக் குறியாக்கம் என்று கேட்கும். மைக்ரோசாஃப்ட் டீம்ஸின் வருகைக் கோப்பு, பெயர் சிஎஸ்வி என்றிருந்தாலும் உள்ளே யூடிஎஃப்-16-இல், காற்புள்ளிக்குப் பதில் டேப் வைத்து வருவதுண்டு. அதற்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். 91 சேர்த்து எழுதிய 12 இலக்கப் போன் எண்ணை எக்ஸெல் சுருக்கி ஏதோ அறிவியல் எண்ணாகக் காட்டும். அந்தப் பத்தியை எழுத்தாக வைக்கச் சொல்லுங்கள். சமக்குறியில் தொடங்கும் எதையும் எக்ஸெல் கணக்கு வாய்பாடாக எடுத்துக்கொள்ளும் என்பதால், வெளியாள் யாராவது விஷமமாக அப்படிப் பெயர் வைத்து நுழைந்தால் தாளைத் திறக்கும்போது தொல்லை வரலாம். பெயரின் முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி சேர்த்துவிட்டால் போதும்.

பெரும்பாலான அயல்கூட்டங்களுக்கு மீட்டும் வேண்டாம், ஜூமும் வேண்டாம். கூட்டம் வாட்ஸ்அப்பிலேயே நடக்கிறது. அதற்கும் வழி உண்டு. குழுவுக்குள் போய் ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்தால், படங்கள் இல்லாமல் கடைசி 40,000 செய்திகள் வரை ஒரே எழுத்துக் கோப்பாக வரும். குழுவில் ‘மேம்பட்ட தனியுரிமை’ அமைப்பு போட்டிருந்தால் இறக்க விடாது. அதைத் தற்காலிகமாக எடுக்க வேண்டும். கூட்டம் தொடங்கும்போது எல்லாரும் ‘ஆஜர்’ என்று ஒரு வரி போடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சேமிப்புக் கட்டியவர் ‘சேமிப்பு’ என்று எழுதித் தொகையைப் போடட்டும். ஸ்கிரிப்ட் அந்த இரண்டு சொற்களைத் தேடித் தேதிவாரியாகத் தாளாக்கிவிடும். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்: நீளமான செய்தி பல வரியாக உடைந்து வரும்போது தேதியில்லாத வரியை முந்தைய செய்தியோடு சேர்க்க வேண்டும், நேரத்துக்கும் அதன்பின் வரும் ஏஎம், பிஎம்முக்கும் நடுவில் சில போன்களில் கண்ணுக்குத் தெரியாத குறுகிய இடைவெளி எழுத்து ஒன்று வரும், அதைச் சாதாரண இடைவெளியாக மாற்றாவிட்டால் ஸ்கிரிப்ட் ஒரு வரியையும் அடையாளம் காணாது.

ஸ்கிரிப்டை எளிமையாக வைத்திருங்கள். 2023-ல் ஜூம் பழைய அனுமதி முறையை நிறுத்தியபோது அதை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் உலகெங்கும் வேலை செய்யாமல் போயின. தளத்திலிருந்து வாங்கும் பகுதி தனியாகவும், தாளாக்கும் பகுதி தனியாகவும் இருந்தால், ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

இனி அக்காமாரிடமும் சேச்சிமாரிடமும் சொல்ல வேண்டியது. ஸ்கிரிப்டுக்குத் தெரியாத விஷயங்கள் உங்களுக்குத்தான் தெரியும். லயத்தில் ஒரு வீட்டில்தான் சிக்னல் கிடைக்கும். நான்கு பெண்கள் அந்த ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பதிவில் ஒருவர் பெயர்தான் வரும். மீதி மூவரும் வந்தவர்களே. போன் வைத்திருப்பவர் தன்னோடு இருப்பவர்களின் பெயர்களைச் சாட்டில் எழுதட்டும். தலைவி அதை வாய்விட்டு வாசித்து உறுதி செய்யட்டும். தாளில் ‘உடன் இருந்தவர்கள்’ என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும். அதேபோல் எத்தனை நிமிடம் இருந்தால் வந்ததாகக் கணக்கு என்பதை ஸ்கிரிப்ட் எழுதும் பிள்ளை முடிவு செய்யக் கூடாது. குழு கூடி முடிவெடுத்து மினிட்ஸில் எழுத வேண்டும். என் கருத்தைக் கேட்டால், நிமிட வரம்பே வேண்டாம் என்பேன். மழையில் டவர் போனது அவள் குற்றமா? ஒரு முறை சேர்ந்து குரல் கொடுத்தவரை வந்தவராகவே எழுதுங்கள். நிமிடக் கணக்கு தாளில் இருக்கட்டும், யாரையும் குறை சொல்ல அதை எடுக்காதீர்கள். வருகைத் தாளை வைத்து உள்கடன் மறுக்கும் குழு தன் உறுப்பினர்களுக்கே கங்காணி வேலை பார்ப்பதாகும்.

கையெழுத்துப் போட்ட மினிட்ஸ் புத்தகத்தை இந்தத் தாள் மாற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம். மாதம் ஒரு முறை தாளை அச்செடுத்துப் புத்தகத்தில் ஒட்டி, அடுத்த நேர்க் கூட்டத்தில் எல்லாரும் பார்த்துக் கையெழுத்திடுங்கள். அச்சுப் பிரதி வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி மண்சரிவில் 70 உயிர்கள் மண்ணுக்குள் போனபோது மின்சாரமும் போன் தொடர்பும் அற்றுப்போயிருந்தன. செய்தி வெளியே வர விடிந்துவிட்டது. எந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் இணையத்தில் மட்டும் இருந்தால், அது தேவைப்படும் இரவில் திறக்காது.

தாளில் முடிவுகளுக்கும் ஒரு பத்தி வையுங்கள், தமிழிலும் மலையாளத்திலும். பஞ்சாயத்து கமிட்டியின் முடிவுகள் ‘சகர்மா’ மென்பொருளில் ஏறின. 2025 ஏப்ரலில் உள்ளாட்சிச் சேவைகளுக்கான கே-ஸ்மார்ட் கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் வந்தது. அவர்கள் பக்கத்தில் எல்லாம் தேடி எடுக்கும்படி இருக்கிறது. நம் பக்கத்தில், எந்தத் தேதியில் எந்தக் கூட்டத்தில் குடிநீர் கேட்டோம், லயத்து வழிக்கு விளக்கு கேட்டோம் என்பது யாருக்கும் நினைவில்லை. கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வார்டு கிராம சபை கூட வேண்டும். வாக்காளரில் பத்தில் ஒரு பங்கு வந்தால்தான் கோரம். அந்தச் சபைக்கு, தேதியோடும் ஆள்கணக்கோடும் உங்கள் கோரிக்கைத் தாள் போகட்டும். தேவிகுளம் தாலுகா தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி. இங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் நமக்கு உரிமை தந்திருக்கிறது. உரிமையைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு அது தேய்ந்துபோனது என்று புலம்புவதில் பயனில்லை.

கடைசியாக, காவல். தாளில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் வேண்டவே வேண்டாம். வருகைக்கு அவை தேவையில்லை. தளத்தின் ரகசியச் சாவியை ஸ்கிரிப்டுக்குள் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது வேறு கோப்பில், வீட்டுக் கணினியில் மட்டும் இருக்கட்டும். ஸ்கிரிப்ட் எழுத இப்போது ஏஐ செயலிகளைக் கேட்கிறீர்கள், கேளுங்கள், ஆனால் உறுப்பினர்களின் உண்மையான பட்டியலை அவற்றில் ஒட்டாதீர்கள். கற்பனைப் பெயர்களை வைத்துக் கேட்டாலும் அதே விடை வரும். பெண்களின் பெயரும் போன் எண்ணும் சேர்ந்த பட்டியல் கடன் கொடுக்கும் ஆப்காரர்கள் கையில் சிக்கினால் என்ன தொல்லை வரும் என்று உங்களுக்குத் தெரியும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. சட்டம் கட்டாயப்படுத்தும்வரை காத்திராமல் அக்கம்பக்கத்தாரின் விவரத்தைக் காப்பது நம் கடமை. குழுவில் சொல்லாமல் கூட்டத்தை வீடியோவாகப் பதியவும் வேண்டாம்.

அடுத்த கூட்டம் எந்த நாளாக இருந்தாலும், அது முடிந்த அன்றிரவே பதிவை இறக்கிவையுங்கள். ஸ்கிரிப்ட் தயாராகாவிட்டாலும் மூலக் கோப்பு கையில் இருந்தால் பிறகு தாளாக்கலாம். மீட்டில் 30 நாள் கழித்தால் இறக்குவதற்கே ஒன்றும் இருக்காது. பிள்ளைகளில் ஒருவர் எழுதி முடித்ததும் அதை ஒரு பென்டிரைவில் போட்டு வெள்ளத்தூவலுக்கும் குஞ்சித்தண்ணிக்கும் அடிமாலிக்கும் கொடுத்தனுப்புங்கள். எந்த இடத்தில் தடுக்குகிறது என்று என்னிடம் சொல்லுங்கள், உட்கார்ந்து சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சித்திரபுரத்திலிருந்து உங்களில் ஒருவர்